பின்பக்கமாய் ஏறின கார்

எந்த இடத்தில் வழுக்கத் தொடங்கியது என்று சற்குணத்துக்குத் தெரியவில்லை. தெரிய வந்தபோது கார் ஏற்றத்தின் நடுவில் நின்றுவிட்டிருந்தது, எஞ்சின் மட்டும் தனியாக எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது, முன் ரயர்கள் இரண்டும் பனிக்கட்டியில் சுற்றிச் சுற்றி ஊளையிட்டன, அந்த நேரத்தில் அவனுடைய நெஞ்சுக்குள் முதலில் எழும்பியது பயம் அல்ல, ஒரு சின்ன ஆறுதல். சோதனை நாளில் வெள்ளம் வந்து பள்ளிக்கூடம் பூட்டிக் கிடப்பதைக் கண்ட பிள்ளையின் ஆறுதல். சரி, போக ஏலாது, யாரும் ஒன்றும் செய்ய ஏலாது, வீட்டுக்குத் திரும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக் குடிக்கலாம், இன்றைக்கு இல்லையென்றால் இன்னொரு நாள் என்று அந்த நினைப்பு முழுசாக வந்து சேர்வதற்குள்ளேயே வெட்கமாகிவிட்டது. பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மனைவி பவளராணியின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ஒரு பக்கம் கருங்கல் மலை, அதன் இடுக்குகளில் உறைந்து தொங்கிய நீர். மறுபக்கம் இரும்புத் தடுப்பு, அதற்குக் கீழே குடாக்கடல் ஈயத்தகடு போலக் கிடந்தது. முந்தாநாள் பனிக்கு மேல் மழை பெய்து, நேற்று அது உறைந்து, இன்று காலையில் அதன் மேல் மெல்லிய தண்ணீர் படர்ந்திருந்தது. நோர்வேயின் இந்த வட கரையில் இத்தனை காலம் இருந்ததில் அவன் கற்றுக்கொண்டது ஒன்று உண்டென்றால் அது இதுதான்: கொட்டுகிற பனி ஒன்றும் செய்யாது, பனியின் மேல் பெய்கிற மழைதான் ஆளைக் கொல்லும். கார் பின்னுக்கு வழுகத் தொடங்கியது. பிரேக்கை அமத்து, அமத்து என்று அவனுடைய வாய் வரைக்கும் வந்தது, ஆனால் அவள் அமத்தவில்லை. ஒருமுறை தொட்டாள், விட்டாள், தொட்டாள், விட்டாள், பால் பொங்கும் நேரம் அடுப்பைக் குறைப்பதுபோல. தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தபடி ஸ்டியரிங்கை ஒரு விரற்கிடை இந்தப் பக்கம், ஒரு விரற்கிடை அந்தப் பக்கம் அசைத்தாள். கார் பிடிவாதம் விட்ட மாடு மாதிரி மெதுவாகப் பின்னால் இறங்கி, அடிவாரத்தில் பஸ் நிற்பதற்காக அகலமாக விட்டிருந்த இடத்தில் போய் நின்றது. அவள் மூச்சுவிட்டாள். "ம்," என்றாள், சோறு பதம் பார்த்தவளைப் போல.

"விடு பவளம், திரும்புவம்," என்றான் சற்குணம். சொன்னபோது தன்னுடைய குரல் அக்கறையாக ஒலித்ததில் அவனுக்கே ஆச்சரியம். "இண்டைக்கு விட்டா அந்த டொக்டர் அடுத்த மாதம்தான் வருவார்," என்றாள் அவள், கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே. அது உண்மை. மலைக்கு அப்பால் இருக்கிற பட்டினத்தின் சின்ன ஆஸ்பத்திரிக்கு மூளை நரம்பு டொக்டர் மாதத்தில் ஒருநாள்தான் வருவார், வந்து பின்னேரம் விமானத்தில் திரும்பிவிடுவார், தலையைப் படம் எடுத்ததன் முடிவை அவர் வாயால் கேட்க வேண்டும், அதற்காகத்தான் இந்தப் பயணம். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது, அது திங்கட்கிழமையிலிருந்து அவனுடைய தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து ரெலிபோனில் கதைத்த பெண்பிள்ளை, நாளும் நேரமும் சொல்லிவிட்டு, கடைசியில், அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, வரும்போது வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு வா, டொக்டர் அப்படி விரும்புகிறார் என்றாள். வீட்டில் யாரையாவது. சாதாரணமான வார்த்தைதான். கார் ஓட்டத் தடை விதிக்கப்பட்ட ஆளுக்குத் துணை வேண்டும் என்பதற்காக இருக்கலாம். மொழி விளங்காது என்று நினைத்திருக்கலாம், ஆனால் அவன் அவளோடு கதைத்ததே அந்த மொழியில்தானே. நல்ல செய்தி என்றால் எதற்கு இரண்டாவது ஆள், நல்ல செய்தியைத் தனியாகக் காவிச் சுமக்க ஏலாதா ஒருவனால், கெட்ட செய்திக்குத்தான் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கேட்க, ஒருவர் பிடிக்க. இல்லை, அப்படியும் இல்லை, எல்லாரிடமும் சொல்வதுதான், அங்கே அதுதான் வழக்கம். ஆனால் ஏன் கடைசியில் சொன்னாள், ஏன் குரலைத் தாழ்த்தினாள், தாழ்த்தினாளா? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு வழுகிப் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். மறுபடியும் வீட்டில் யாரையாவது. அன்றைக்குப் பவளம் வேலையால் வந்து, என்னவாம் என்று கேட்டபோது, வரச் சொன்னவை என்று மட்டும் சொன்னான்.

அவள் எஞ்சினை நிறுத்தாமல் இறங்கினாள். குளிர் உள்ளே வந்தது, கூடவே ஒரு மணமும் வந்தது. கருகின மணம். போன ஐப்பசியில், மீன் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டு நின்றபோது, இப்படித்தான், யாரோ தேங்காய்ச் சிரட்டையை எரிக்கிறார்கள் என்று நினைத்தான், இங்கே ஏது சிரட்டை என்று சிரிக்கவும் தொடங்கினான், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை, ஈரத் தரையில் கிடந்து கண்விழித்தபோது சுற்றிவர ரப்பர் சப்பாத்துகளும், மேலே வட்டமாக முகங்களும், நாக்கில் ரத்தம். வலிப்பு என்றார்கள். அதுக்கு முன்னால் ஒரு மணம் வருமாம், இல்லாத மணம், மூளை தானாகச் செய்துகொள்கிற மணம். அன்றிலிருந்து எந்த மணம் வந்தாலும் அவனுக்கு மற்றவர்களைக் கேட்க வேண்டியிருந்தது. கறி அடிப்பிடித்தாலும், பக்கத்து வீட்டுப் புகைபோக்கி புகைந்தாலும், இது எல்லாருக்கும் வருகிறதா, எனக்கு மட்டும்தானா? கதவைத் திறந்து, "பவளம், உனக்கு ஏதும் மணக்குதே?" என்றான். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டான். அவள் முன் ரயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவள், தலையை நிமிர்த்தாமலே, "ரயர் மணம். சும்மா நிண்டு சுத்தினதில சூடேறிப்போச்சு," என்றாள். அவனுக்கு அழவேண்டும்போல இருந்தது. ரயர் மணம். எல்லாருக்கும் சொந்தமான மணம். அவன் மூக்கு நிறைய இழுத்தான்.

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு ரயரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் பார்க்கிறதுபோல. பிறகு கதவுப்பையிலிருந்து திருகாணித் திறப்பானை எடுத்து, ரயரின் வெட்டுகளுக்குள் இறுகிக் கிடந்த பனியைக் கிண்டிக் கிண்டி வெளியே எடுத்தாள். "ஆணியெல்லாம் தேஞ்சு போச்சு உங்கட ரயரில," என்றாள். உங்கட ரயர். ஓம், இது அவனுடைய கார், அவன் தெரிவு செய்த ரயர், குளிர்காலம் தொடங்கமுதல், பனிக்கட்டியைக் கடிப்பதற்கென்று ஆணி அடித்த ரயரைத் தானே மாட்டிவிட்டு இனி ஒன்றும் தேவையில்லை என்று சொன்னவனும் அவன்தான். இருவரும் சேர்ந்து போகிற பயணங்களில் அவன்தான் ஓட்டினான், எப்போதும். அவள் ஓட்டப் பழகியது நாற்பது வயசுக்குப் பிறகு. வீடு வீடாகப் போய் வயசான ஆட்களைக் குளிக்கவார்த்து, குளிசை கொடுத்து, சாப்பாடு கொடுக்கிற நகரசபை வேலை கிடைத்தபோது, கார் ஓட்டத் தெரிந்தால்தான் என்றார்கள். வழுக்கல் பழக்குவதற்கென்றே இங்கே ஒரு திடல் வைத்திருக்கிறார்கள், அதில் காரை விட்டுச் சுழலச் செய்வார்கள், சுழன்றால்தான் சான்றிதழ். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து, "தேர்ச் சில்லு மாதிரிச் சுத்தினனப்பா," என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், அவனும் சிரித்தான், ஆனால் அவன் சிரித்தது வேறு. பிறகு அவள் காலை இருட்டில் எழும்பிப் போவாள், வருவாள். இவ்வளவு குளிர்காலமும் அவள் எந்த வீதியால் போனாள், எந்த ஏற்றத்தில் ஏறினாள், எங்கே நின்றுபோய் எப்படி மீண்டாள் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் வேலைக்குப் போய் வந்தாள், அவ்வளவுதான், பஸ் வந்து போவதுபோல. ஓட்டத் தடை வந்த பிறகுதான் அவன் இந்தப் பக்கத்து இருக்கைக்கு மாறினான். மாறின நாளிலிருந்து அவன் பார்த்துக்கொண்டிருப்பது வீதியை அல்ல.

அவள் ரெலிபோன் எடுத்து வீதி பராமரிக்கிற ஆட்களோடு கதைத்தாள். மணல் தூவுகிற லொறி மலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறதாம், மத்தியானத்துக்குப் பிறகுதான் இங்கே வருமாம். "பிறகு வந்து என்ன, டொக்டர் பறந்திடுவார்," என்று ரெலிபோனைப் பைக்குள் போட்டாள். "சங்கிலி இருந்தால் சில்லில மாட்டலாம்," என்றான் சற்குணம், ஏதாவது சொல்லவேண்டும் என்பதற்காக. "சங்கிலி என்ர வேலைக் காரில கிடக்கு. கழட்டிக்கொண்டு வந்திருக்கலாம், யோசிக்கேல்லை," என்றாள், ஏற்றத்தைப் பார்த்தபடி. அவள் பார்த்த பார்வையை அவன் கவனித்தான். கோபம் இல்லை, பதற்றம் இல்லை. சந்தையில் மீன் வாங்கும்போது செவுள்பூவைத் தூக்கிப் பார்க்கிற பார்வை. எங்கே ஈரம் மினுங்குகிறது, எங்கே கரடுமுரடாக இருக்கிறது, நேற்றுப் போன லொறியின் தடம் எந்த ஓரத்தில் கிழித்திருக்கிறது, எல்லாவற்றையும் அவள் கண் தொட்டுத் தொட்டுப் போனது. பிறகு வீதியோரத்தில் நகரசபை வைத்திருந்த மஞ்சள் மணல்பெட்டியிடம் போனாள். மூடி உறைந்திருந்தது. காரில் கிடந்த மண்வெட்டியின் பிடியால் இரண்டு தட்டு, மூடி திறந்தது. உள்ளே மணலும் கட்டியாகக் கிடந்தது. குத்தினாள், கிளறினாள், சின்ன வாளியில் அள்ளினாள், ஏற்றத்தில் பெட்டைக்கோழி மாதிரிப் பாதத்தைப் பரப்பி வைத்து நடந்து, இரண்டு கோடாக, சில்லுகள் போகப்போகிற இடத்தில் மட்டும், சிக்கனமாகத் தூவிக்கொண்டு போனாள். கோலம் போடுகிற கை. அந்த நினைப்பு வந்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்றது, ஏனென்றால் அந்தக் கை இல்லாமல் போனால் என்று நினைப்பதற்குப் பதிலாக, அந்தக் கை இருக்கும், நான் இல்லாமல் போனால் என்று அவன் மனம் மாற்றி நினைத்துவிட்டது. அந்தக் கை இப்படியே தூவிக்கொண்டு போகும். அதில் ஒரு பயங்கரமும் இருந்தது, சொல்லத் தெரியாத ஒரு பெருமையும் இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டு நின்றன.

அவள் திரும்பி வந்து காரின் பின் மூடியைத் திறந்தாள். உள்ளே இரண்டு அரிசி மூட்டை. அதுவும் அவன் வேலைதான். பின்பக்கம் பாரமாக இருந்தால் கார் வழுக்காது என்று கார்த்திகையிலேயே ஏற்றி வைத்தது, முன்பு தொழிற்சாலையில் ஓட்டின பழைய வான் வண்டிக்கு அப்படித்தான் செய்வார்கள். "இதைப் பிடியுங்கோ," என்றாள். "ஏன், பாரம் நல்லதெல்லே?" என்றான். "அந்த வானுக்குப் பின் சில்லு தள்ளிறது. இதுக்கு முன் சில்லுதான் இழுக்கிறது. இஞ்ச பாருங்கோ, மலையில முன்பக்கமா ஏறேக்க பாரமெல்லாம் பின்னுக்குச் சரியுது. முன் சில்லு லேசாகிப்போய் நிண்டு சுத்துது. நாங்கள் பின்னுக்கு இன்னும் மூட்டை ஏத்தி வைச்சால் அது எப்பிடி இழுக்கும்?" அவள் சொல்லிக்கொண்டே ஒரு மூட்டையை மார்போடு அணைத்துத் தூக்கினாள். "அப்ப?" "அப்ப மூட்டை முன்னுக்கு. கார் பின்பக்கமா ஏறும். ரிவேஸில." அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது, ஒரு கதவு திறக்கிறதுபோல முழுசாக விளங்கியது. காரைத் திருப்பிவிட்டால் இழுக்கிற சில்லு கீழ்ப்பக்கம் வரும், சரிகிற பாரமெல்லாம் அதன் மேல் வந்து குந்தும், சில்லு பனிக்கட்டியைக் கடிக்கும். எவ்வளவு லேசான விஷயம். மலை இழுத்து விழுத்தப் பார்க்கிற அந்தப் பாரத்தையே எடுத்து மலைக்கு எதிராக வைக்கிறது. "இதை ஆர் சொல்லித் தந்தது?" என்றான். "வேலையில எல்லாரும் செய்யிறதுதான். நானும் செய்திருக்கிறன், மேட்டு வீட்டுக் கிழவிக்கு இன்சுலின் குடுக்கப் போகேக்க. தரையை விட்டு எழும்ப ஏலாமல் கிடந்தது மனிசி." எப்போது அது? ஏன் சொல்லவில்லை? நீ கேட்டாயா? மூட்டைகள் இரண்டும் முன் இருக்கையில், அவன் இவ்வளவு நேரமும் இருந்த இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக ஏறின. அவள் அவற்றுக்குக் குறுக்கே பெல்ற்றை இழுத்து மாட்டினாள். அவனுடைய இடத்தில் அரிசி, அவனைவிட அமைதியாக, அவனைவிடப் பிரயோசனமாக.

மணற்காட்டுப் பக்கம் பிறந்தவள், அதனால்தான் என்று நினைத்தான். கல்யாணம் முடிந்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அவளுடைய ஊர்க் கோயிலுக்குப் போனார்கள், மாமாவின், மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய ஒஸ்ரின் காரில், அவன்தான் ஓட்டினான், புது மாப்பிள்ளை. கோயிலுக்குக் கிட்டே மணலில் சில்லுப் புதைந்தது. இறங்கித் தள்ளினான், பனைமட்டை முறித்துப் போட்டான், கெட்டவார்த்தையை விழுங்கினான், வேட்டி எல்லாம் எண்ணெய். அவள் பின் இருக்கையில் கூறைச்சேலையோடு குந்தியிருந்து, மெதுவாக, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ரயரில கொஞ்சம் காத்தைத் திறந்து விடுங்கோவன் என்றாள். அவன் கேட்காத மாதிரி இருந்தான். கார் ஓட்டத் தெரியாத பெண் ரயரைப் பற்றிச் சொல்கிறாள் என்று. கொஞ்ச நேரத்தால் ஒரு மீன்காரர் சைக்கிளில் வந்து, நின்று பார்த்து, தம்பி காத்தைக் குறையும், சில்லு அகண்டால் மணல் தாங்கும் என்றார், குறைத்தான், கார் ஏறியது. அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள், உதட்டோரத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா, அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அவளுடைய அண்ணன்மார் கடற்கரைக்குச் சைக்கிளில் போகும்போது காற்றைக் குறைத்துத்தான் போவார்களாம். அதை அவள் எவ்வளவோ காலத்துக்குப் பிறகு, வேறு எதையோ சொல்லும்போது சொன்னாள்.

"இந்தாங்கோ, இதைப் போடுங்கோ." அவள் நீட்டியது ஒரு சோடி கம்பளிக் காலுறை, தடித்தது, குதிக்கால் தைத்துப் போட்டது. "கால் குளிரேல்லை," என்றான். "காலுக்கில்லை, சப்பாத்துக்கு. சப்பாத்துக்கு மேலால இழுத்து விடுங்கோ. கம்பளி ஐஸைப் பிடிக்கும். நீங்கள் மேல போய் அந்த வளைவில நிக்கவேணும். ஆரும் மேலயிருந்து வந்தால் கையைக் காட்டி மறியுங்கோ. நான் நடுவில நிக்கேலாது, நிண்டால் பிறகு எழும்பாது. உங்களுக்குப் பக்கத்தாலயும் நிக்காமல்தான் போவன். உச்சிக்குப் போய்த்தான் நிப்பன்." அவள் காரில் எப்போதும் கிடக்கிற, தூரத்திலேயே மினுங்கித் தெரிகிற மஞ்சள் சட்டையை அவன் தோளில் போட்டு, பட்டியை இழுத்து மூடினாள். ஒரு கணம் அவள் கை அவன் நெஞ்சில் நின்றது. "ஏலுமோ? தலைக்கு ஒண்டும் செய்யேல்லையே?" என்றாள். இல்லை என்றான். சப்பாத்துக்கு மேல் காலுறை போட்ட, ஐம்பது வயசு தாண்டின மனிதன், மஞ்சள் சட்டையோடு, ஏற்றத்தில் ஏறத் தொடங்கினான். வழுக்கவில்லை. பாதத்துக்குக் கீழே கம்பளி பனிக்கட்டியில் மெல்ல ஒட்டி, மெல்ல விட்டது, ஒவ்வொரு அடிக்கும் ஒரு சின்னச் சத்தம். வளைவில் போய் நின்று மேலே பார்த்தான், ஒரு வாகனமும் இல்லை. கீழே பார்த்தான். அவள் காரைத் திருப்பிவிட்டாள். காரின் பின்பக்கம் அவனை நோக்கி நின்றது. இப்போது இங்கே மணம் வந்தால்? இப்போது சிரட்டை எரிந்தால்? விழுந்துவிடுவான், வீதியில் விழுந்தால் அவள் பின்பக்கமாக வருகிறாள், கண்ணாடியில் காண்பாளா, கண்டால் நிறுத்துவாள், நிறுத்தினால் கார் எழும்பாது, கார் எழும்பாவிட்டால் வழுகும், அந்தத் தடுப்பு அவ்வளவு உயரம் இல்லை, கீழே ஈயத்தகடு. அவன் மெதுவாகப் பின்னுக்கு நகர்ந்து மலைப் பக்கமாக, கல்லோடு சாய்ந்து நின்றான். விழுந்தால் இந்தப் பக்கம் விழட்டும். மூச்சை இழுத்தான். குளிர் மட்டும் மணத்தது, இரும்பு மாதிரி. கையைக் காட்டினான்.

கார் வந்தது. வேகமாக அல்ல, மிக மெதுவாகவும் அல்ல, ஒரே சீராக, ஒரு நூலைப் பிடித்து இழுக்கிறதுபோல. எஞ்சின் கத்தவில்லை. மணல் கோட்டில் சில்லு ஏறியபோது சரசரவென்று ஒரு சத்தம், கோடு முடிந்த இடத்தில் சத்தம் அடங்கியது, இப்போது வெறும் பனிக்கட்டி, இப்போது அரிசியும் மலையும் அவளும்தான். பின்பக்கம் ஒரு சாண் கடல் பக்கமாக விலகியது. ஐயோ என்று அவன் வாய் திறந்தது. அவள் திருத்தவில்லை, அவசரப்பட்டுத் திருப்பவில்லை, காலை எடுக்கவும் இல்லை, கூட அமத்தவும் இல்லை, சும்மா விட்டாள், கார் தானே யோசித்துவிட்டு வருகிறதுபோலத் திரும்பவும் நேருக்கு வந்தது. இதுதான். இதுதான் அவனுக்கு ஒருநாளும் வராதது. அவனாக இருந்தால் அந்த இடத்தில் ஸ்டியரிங்கோடு சண்டை பிடித்திருப்பான். அவள் அவனைத் தாண்டினாள். தோளுக்கு மேலால் திரும்பியிருந்த கழுத்து, கம்பளித் தொப்பிக்குக் கீழே தெரிந்த கொண்டை, பெல்ற் போட்ட அரிசி மூட்டை. தாண்டி மேலே போனபோது முன் கண்ணாடி முழுசாக அவனுக்கு முன்னால் வந்தது, அவளுடைய முகம் தெரிந்தது, அவள் அவனைப் பார்க்கவில்லை, பின்னால் பார்ப்பதும் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதுமாக இருந்தாள், உதடு அசைந்தது. காரோடு கதைக்கிறாள். வா, வா, ஆறுதலா, அப்பிடித்தான் என்று. கேட்கவில்லை, ஆனால் அவனுக்குத் தெரியும், மூத்த மகளுக்கு நடை பழக்கும்போது அப்படித்தான் பின்னால் பின்னால் போய்க்கொண்டு கூப்பிடுவாள். இப்படி ஒரு முகத்தை முப்பது வருசமாக எங்கே வைத்திருந்தாள், அல்லது இவன் எங்கே பார்த்துக்கொண்டிருந்தான்? முகம் அவனை நோக்கியபடியே அவனை விட்டுத் தூரமாகப் போனது, சின்னதாகப் போனது. போ, நில்லாதே, போ, எனக்காக நில்லாதே என்று அவன் சத்தமாகவே சொன்னான், சொல்லும்போதுதான் எதைச் சொல்கிறோம் என்று தெரிந்தது. உச்சியில், வாகனம் நிறுத்தும் அகலமான இடத்தில், கார் கண்ணுக்கு மறைந்தது. பிறகு ஹோர்ன் சத்தம். ஒருமுறை, சின்னதாக.

அவன் ஏறினான். காலுறை நனைந்து கனத்தது, அப்படியும் பிடித்தது. அவள் போன தடத்தில், பனிக்கட்டியில் ரயர் கடித்திருந்த சின்னச் சின்னக் கீறல்கள் தெரிந்தன, தேய்ந்த ஆணிகளும் ஏதோ தங்களால் ஆனதைச் செய்திருந்தன. குந்திப் பார்க்கவேண்டும்போல இருந்தது, ஆனால் நேரம் இல்லை, நேரம் இல்லை என்று அவன் கால்கள்தான் அவசரப்பட்டன. காலையில் கட்டிலில் குந்தியிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டு நேரத்தைக் கடத்தின அதே மனிதன். மலையின் அந்தப் பக்கத்துச் சூரியன், இந்த வடக்கில் குளிர்காலத்தில் இரண்டு மாதம் எழும்பாமல் இருந்து திரும்பி வந்தது, உச்சியின் விளிம்பில் மட்டும் மஞ்சளாகக் கிடந்தது. அந்த வெளிச்சத்தில் கார் இப்போது பட்டினத்தைப் பார்த்துத் திரும்பி நின்றது. பவளம் வெளியே நின்று வெறுங்கையை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். பிறகு கையுறையைப் போடப் பார்த்து இரண்டுமுறை நழுவவிட்டாள். அப்போதுதான் அவளுக்கும் பயம் இருந்திருக்கிறது என்று அவனுக்குப் பட்டது, இவ்வளவு நேரமும் அதை எங்கே வைத்திருந்தாளோ, மூட்டைக்குப் பக்கத்தில் பெல்ற் போட்டு வைத்திருந்தாளோ. "நல்லா ஏத்திப்போட்டாய்," என்றான். சொல்ல நினைத்தது அதைவிடப் பெரியது, வாயால் வந்தது அவ்வளவுதான். அவள் அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள், சற்குணத்தின் வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்ததைக் காதால் நம்ப ஏலாமல். பிறகு, "மூட்டையைத் தூக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. பின்னால ஏறுங்கோ, கெதியா," என்றாள்.

அவன் பின் இருக்கையில் ஏறினான். கார் இறக்கத்தில் மூக்கை நீட்டியது. அவள் பிரேக்கைத் தொடவில்லை, கியரைக் குறைத்து எஞ்சினை விட்டே பிடித்தாள், எஞ்சின் முணுமுணுத்துக்கொண்டு காரைத் தோளில் தாங்கி இறக்கியது. இந்தப் பக்கம் மணல் லொறி போயிருந்தது, சில்லுக்குக் கீழே நல்ல சரசரப்பு. கீழே பட்டினம், துறைமுகம், சிவப்புக் கூரைகள், அவற்றுக்குப் பின்னால் ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவர். அவனுக்கு அவளுடைய கழுத்தின் பின்பக்கம் தெரிந்தது, அங்கே தொப்பிக்கு வெளியே வந்திருந்த நரைமயிர் தெரிந்தது. முகத்தைப் பார்க்காமல் சொல்வது லேசாக இருந்தது. "பவளம்," என்றான். "திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலயிருந்து ரெலிபோன் எடுத்தவள் சொன்னவள், வரேக்க வீட்டில ஆரையாவது கூட்டிக்கொண்டு வரட்டாம். டொக்டர் அப்பிடி விரும்புறாராம். நான் உனக்குச் சொல்லேல்லை." எஞ்சின் முணுமுணுத்தது. வளைவு ஒன்று வந்தது, அதை முடித்தாள். தோள் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்ததை அவன் கண்டான். பிறகு, வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கூட்டிக்கொண்டு வரட்டாமோ?" என்றாள். "பின்னால குந்தியிருக்கிறபடியால் என்னை டாக்சிக்காரி எண்டு நினைச்சியளோ? உங்களை வாசலில இறக்கிப்போட்டு நான் திரும்பிப் போறதுக்கோ இவ்வளவு பாடுபட்டுக் காரைப் பின்பக்கமா ஏத்தினனான்?" சற்குணம் சிரித்தான். சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது, வந்து நிற்கமாட்டாமல் கண்ணில் போய் முடிந்தது, அவளும் சிரித்தாள் போல இருந்தது, அல்லது அவளுக்கும் வேறு ஏதோ, பின்னாலிருந்து தெரியவில்லை. பயம் இருந்தது. அது போகவில்லை, போகப்போவதும் இல்லை, அது அவனோடு பின் இருக்கையில்தான் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியின் மணிக்கூடு கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்தபோது அவன் முன்னுக்குச் சாய்ந்து, "நேரம் இருக்கு, நீ ஆறுதலா போ," என்றான்.